டர்போ காரில் கிளட்ச் தொல்லை: அறிகுறியைப் பிடித்து, காரணத்தைத் தேடும் முறை

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் கியர் மாற்றி ஓட்டும் டர்போ கார் வைத்திருப்பவர்களை ஊரின் தரையே ஏமாற்றுகிறது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனை வரை ஓடினாலும் ஏற்றம் என்று சொல்ல ஓரிரு பாலங்கள்தான் வரும். அதனால் பாதி தேய்ந்த கிளட்ச்கூட மாதக்கணக்கில் பிழை காட்டாது. செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, பிபிலை கடந்து, நான்கு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு லுணுகலைப் பக்கம் ஏறும்போதுதான் அது கைவிரிக்கும். அங்கே அகப்படாமல் இருக்க, வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடிய சோதனைகளை இங்கே அறிகுறி வாரியாகத் தருகிறேன். ஸ்டார்லெட் கிளான்சா, இம்ப்ரேசா டபிள்யு.ஆர்.எக்ஸ், லான்சர் எவலூஷன் போன்றவற்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். டர்போ டீசல் வாகனங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இப்போதிருக்கும் கிளட்ச் போட்டு எத்தனை கிலோமீற்றர் ஆயிற்று? பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், கூட்டப்பட்டிருக்கிறதா? கிளட்சின் உள்ளே இருக்கும் டிஸ்க் (உராய்வுத் தட்டு) சாதாரண ஓர்கானிக்கா, கெவ்லரா, துண்டு துண்டான செராமிக்கா? காரை வாங்கியவருக்கு மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். விற்றவரைத் தேடிப் பிடித்தாவது கேளுங்கள். செராமிக் டிஸ்க்கில் இயல்பாக வரும் நடுக்கத்தைக் கோளாறு என்று நினைத்து கியர் பொக்ஸைக் கழற்றுவது வீண் செலவு.

எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை

முதலில் இது உண்மையில் கிளட்ச் வழுக்கல்தானா, அதாவது டிஸ்க் பிடிக்காமல் நழுவுகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். ஆளரவமற்ற நேரான வீதியில், மூன்றாம் கியரில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். 70 வந்ததும் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் சட்டமும் இடம் தராது. டர்போ பிடிக்கும் கணத்தில் சுழற்சி முள் மட்டும் துள்ளி, வேக முள் பின்தங்கினால் வழுக்குகிறது. பக்கத்தில் இருப்பவர் இரண்டு முட்களையும் கைப்பேசியில் படம் பிடித்தால் சந்தேகமே மிஞ்சாது. கிளான்சா போன்ற முன்சில்லு இழுக்கும் கார்களில் முதலாம், இரண்டாம் கியரில் சோதிக்காதீர்கள். வீதியோரத்து மணலில் சில்லு சுற்றினாலும் இதே உணர்வுதான் வரும். ஆனால் சில்லு சுற்றும்போது வேக முள்ளும் சேர்ந்து துள்ளும் என்பதை வைத்துப் பிரித்தறியலாம்.

கைபிரேக்கைப் போட்டு நான்காம் கியரில் கிளட்சை விட்டு, எஞ்சின் நின்றால் நல்லது என்று பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. புது கிளட்சில் அதைச் செய்யவே கூடாது. நான்கு சில்லும் இழுக்கும் கார்களிலும் வேண்டாம்.

*கிளட்ச் புதியது, இன்னும் 800 கிலோமீற்றர் ஆகவில்லை என்றால்:* பெரும்பாலும் டிஸ்க் இன்னும் பிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனத்த வட்டு) உராய்ந்து பதியவில்லை. பூஸ்ட் வராமல் ஊருக்குள் இன்னும் சில நூறு கிலோமீற்றர் ஓட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். கிளட்ச் மாற்றியதும் நண்பர்களுக்கு வேகம் காட்டிவிட்டு, அடுத்த வாரம் "சாமான் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. மெருகேறிப் பளபளத்த டிஸ்க்கை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். எடுக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

*பழைய கிளட்ச் என்றால்* மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள். பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பல கார்களில் முதல் 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை எதிர்ப்பின்றி அசைய வேண்டும். சரியான அளவு உங்கள் காரின் கைநூலில் இருக்கும். அந்தத் தளர்வு இல்லையென்றால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பெயரிங் (பெடல் நகர்த்தும் பெயரிங்), டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கேபிள் வகையில் நட்டைத் தளர்த்தினால் போதும். பிரேக் ஒயிலில் இயங்கும் வகையில் பெடலுக்குப் பின்னால் இருக்கும் தள்ளுகோலைச் சரிசெய்ய வேண்டும். காலடி விரிப்பு மடிந்து பெடலைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடப்பதுதான்.

காலையில் நன்றாக ஓடி, எஞ்சின் சூடான பிறகு மட்டும் வழுக்குகிறதா? வழுக்கும் நேரத்திலேயே காரை நிறுத்தி, கியர் பொக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நீக்கும் திருகாணியைக் கொஞ்சம் திறங்கள். பிரேக் ஒயில் அழுத்தத்தோடு பீறிட்டு வந்து, அதற்குப் பிறகு கிளட்ச் பிடித்தால் குற்றம் டிஸ்க்கில் இல்லை. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கியர் பொக்ஸ் கழற்றும் செலவு மிச்சம்.

அடுத்தது ஒயில் கசிவு. எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில், அடிப்பக்கம், விரலை வைத்துத் துடைத்துப் பாருங்கள். கறுத்த ஒயில் என்றால் எஞ்சினின் பின் சீல். கந்தகம் போல் மூக்கைத் துளைத்தால் கியர் ஒயில். கியர் பொக்ஸின் முன் சீல். தண்ணீர் போல் மெல்லியதாய், பெயின்ட் உரிக்கும் திரவமாக இருந்தால் பிரேக் ஒயில், ஸ்லேவ் சிலிண்டர். ஒயில் குடித்த டிஸ்க்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுவது பணத்தை மிச்சப்படுத்தாது. இரண்டாம் முறையும் கழற்றுவீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, அல்லது கூட்டிய பூஸ்டை அது தாங்கவில்லை. இரண்டையும் பிரித்தறிய, பூஸ்டைப் பழைய அளவுக்கு இறக்கி ஒருநாள் ஓட்டுங்கள். வழுக்கல் நின்றால் கிளட்ச் உயிரோடுதான் இருக்கிறது, எஞ்சினின் முறுக்குவிசைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். நிற்கவில்லையென்றால் தேய்ந்துவிட்டது. இங்கேயிருந்து கராஜின் வேலை.

எரிந்த வாசம்

மாற்றிய முதல் நாள் ஓரிரு முறை லேசாக வருவது இயல்பு. கல்லடிக் கடற்கரையிலோ பாசிக்குடாவிலோ மணலில் புதைந்து, பாதி கிளட்சில் முன்னும் பின்னும் ஆட்டியதால் வந்தால், உடனே நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். காரைத் தள்ளுவதற்கு நாலு பேரைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓர்கானிக் டிஸ்க் ஒருமுறை சூடேறினால் பெரும்பாலும் மீண்டுவிடும். புதிதாகப் போட்டு இன்னும் பதியாமல், பழக்கும் காலத்தில் இருக்கும் கெவ்லர் மீளாது.

மணலும் ஏற்றமும் இல்லாமல், சாதாரண ஓட்டத்தில் வாசம் வந்தால் மேலே சொன்ன பெடல் தளர்வைத்தான் முதலில் பாருங்கள். அடுத்ததாக உங்கள் இடது காலைப் பாருங்கள். ஓடும்போது அது பெடலின் மேல் தங்கியிருக்கிறதா?

பெடலை முழுதாக மிதித்தும் கியர் விழவில்லை, அல்லது கரகரக்கிறது

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் இலகுவாக விழுந்தால் கியர் பொக்ஸ் நலம். கிளட்ச் முழுதாக விடவில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் உறுதி.

பெடலை நாலைந்து முறை விரைவாக மிதித்த பிறகு கியர் விழுகிறதா? அப்படியானால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. இந்தக் கரையோர ஈரக்காற்றில் பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்துப்போவது வழமையானது. டொட் 4 வகை புது ஒயில் ஊற்றிக் காற்றை நீக்குங்கள். சிலிக்கனில் செய்த டொட் 5 இதோடு சேராது. பெடலுக்குப் பின்னால் விரிப்பின் கீழ் ஈரமா, ஸ்லேவ் சிலிண்டரின் தூசிக் கவசத்தை விலக்கினால் உள்ளே ஈரமா என்று பாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, நீங்கள் ரப்பர் குழாயைப் பாருங்கள். அது உப்பினால் உங்கள் கால் பலம் எல்லாம் அங்கேதான் போகிறது. கடினமான பிரஷர் பிளேட் போட்ட கார்களில் பழைய குழாய் இப்படி உப்புவது சகஜம். கம்பி பின்னிய குழாய் போட்டால் தீரும்.

*மாரி மழைக்குப் பிறகு வந்ததென்றால்* வேறு கதை. வடகீழ்ப் பருவ மழையில் வெள்ளம் வீட்டு வளவுக்குள் வந்து, கார் பல நாள் அசையாமல் நின்றால், டிஸ்க் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் கியர் ஒயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பாலைப் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஓட்டவே வேண்டாம். ஒயில் தெளிவாக இருந்தால், எதிரே யாரும் எதுவும் இல்லாத திடலில், நியூட்ரலில் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். இரண்டாம் கியரில் போட்டு, பெடலை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கார் நகரத் தொடங்கும். ஆக்சிலரேட்டரைத் தட்டி, விட்டு, பிரேக்கைத் தட்டினால் சில முறைகளில் விடுபட்டுவிடும். விடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். விடுபட்டாலும் அதன்பின் நடுக்கமோ வழுக்கலோ இருந்தால் உள்ளே சேறு போயிருக்கிறது.

*புதிதாக மாற்றிய உடனேயே விடவில்லையென்றால்* மூன்றில் ஒன்று: டிஸ்க்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், கியர் பொக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தை டிஸ்க்கில் தொங்கவிட்டு வளைத்திருக்கிறார்கள், அல்லது பிளைவீலைக் கடைந்ததில் உயரம் மாறி ரிலீஸ் பெயரிங்கின் நகர்வு போதவில்லை. தள்ளுகோலை நீட்டி இதைச் சமாளிக்கப் பார்க்கும் மெக்கானிக்கை நிறுத்துங்கள். தேவைக்கு மேல் தள்ளினால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் வளைந்து, பிறகு வழுக்கவும் தொடங்கும். மாற்றிய கராஜிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

புறப்படும்போது கார் நடுங்குகிறது

செராமிக் துண்டுகள் உள்ள டிஸ்க், அதிலும் நடுவில் ஸ்பிரிங் இல்லாதது என்றால், நடுங்கத்தான் செய்யும். காத்தான்குடிப் பிரதான வீதியில் மாலை ஐந்து மணிக்கு அது உங்களை அவமானப்படுத்தும். அதற்கு மருந்து இல்லை, வேறு டிஸ்க்தான்.

ஓர்கானிக் டிஸ்க் நடுங்கினால் எஞ்சின் மவுண்டுகளை முதலில் பாருங்கள். போனட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சைக் கடி புள்ளி (அது பிடிக்கத் தொடங்கும் இடம்) வரை மட்டும் விட, எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னால் நிற்கவே கூடாது. மவுண்ட் நல்லதென்றால் ஒயில் கசிவு. அதுவும் இல்லையென்றால் பிளைவீலில் நீலம் பாரித்த சூட்டுத் தழும்புகள். அந்த இடங்களில் இரும்பு இறுகிக் கடினமாகிவிடுவதால் மணல்தாளால் தேய்ப்பது வெறும் ஒப்பனை. கிரைண்டிங் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கால் இணைத்த இரட்டைப் பாக பிளைவீல் என்றால் லேத்துக்குக் கொண்டுபோகாமல் மாற்றிவிடுவதே நல்லது.

சத்தம்

பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பெயரிங். காலை எடுத்ததும் உறுமி, மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸின் உள்ளீட்டு பெயரிங். கிளட்ச் கடைக்குப் போக வேண்டாம். பாரம் குறைந்த பிளைவீலோ இரட்டை டிஸ்க்கோ போட்டவர்களுக்கு நியூட்ரலில் கடகடப்பது வாங்கிய பொருளோடு வந்த இலவசம்.

பெடல் கல்லாகக் கனக்கிறது, அல்லது கீழேயே தங்கிவிடுகிறது

கேபிள் வகையில் உப்புக்காற்று கேபிளின் உள்ளே துரு ஏற்றிவிடும். புதுக் கேபிள் மலிவு. ஒயில் வகையில் பெடல் கீழே தங்கினால் காற்று அல்லது மாஸ்டர் சிலிண்டர். மாற்றிய நாளிலிருந்தே கனம் என்றால் பிரஷர் பிளேட்டின் பிடி அதிகம். அது கோளாறு இல்லை.

ஆனால் அதிகப் பிடியுள்ள பிளேட் போட்டவர்கள் ஒரு சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஒருவர் பெடலை மிதித்து மிதித்து விட, மற்றவர் எஞ்சினின் ஓரத்தில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி உள்ளும் வெளியும் அசைந்தால், கிராங்கின் முன்பின் நகர்வைத் தடுக்கும் பக்க பெயரிங் தேய்ந்துவிட்டது. அந்த இடத்திலேயே காரை நிறுத்தி, எஞ்சின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கராஜ் வரை ஓட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். இந்தத் தேய்வைத் தள்ளிப்போட, பெடலை மிதிக்காமல் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நல்லது. கார் அதற்கு இடம் தந்தால்.

மாற்றத்தான் வேண்டும்: எதை வாங்குவது?

குதிரைவலுவைப் பார்க்காதீர்கள், கிளட்ச் சுமப்பது முறுக்குவிசையை. மாற்றம் செய்யாத கிளான்சா 157 நியூட்டன் மீற்றர், எவலூஷன் 9 ஏறத்தாழ 400. உங்கள் எஞ்சின் இப்போது தரும் முறுக்குவிசைக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் தாங்கும் கிளட்ச் போதும். அதற்கு மேல் வாங்குவது பெருமைக்கு. கிளட்ச் என்பது மின்சுற்றில் உள்ள பியூஸ் மாதிரி. அதைத் தடிப்பாக்கினால் அடுத்து உடைவது கியர் பொக்ஸ், அதன் விலை வேறு.

பூஸ்டை மாற்றாதவர்கள், அல்லது கொஞ்சம் கூட்டியவர்கள்: முழு வட்ட ஓர்கானிக் டிஸ்க், நடுவில் ஸ்பிரிங், சற்றே பிடி கூடிய பிரஷர் பிளேட். இந்தக் கரையோரத்து டர்போ கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே சரி என்பது என் கருத்து. தினமும் கல்முனை, சாய்ந்தமருது நெரிசலில் நின்று நின்று போகிறவருக்குச் செராமிக்கை விற்பது பாவம். பூஸ்ட் நன்றாகக் கூட்டி, கார் வீட்டில் இரண்டாவது வாகனமாக இருந்தால் ஆறு துண்டுச் செராமிக் பொருந்தும்; ஸ்பிரிங் உள்ளதாகப் பாருங்கள். கெவ்லர் நீடித்து உழைக்கும், ஆனால் பழக்கும் காலத்தில் ஒரு சூடேற்றத்தைக்கூட மன்னிக்காது. பொறுமையில்லாதவர் தொட வேண்டாம். இரட்டை டிஸ்க்கின் பெடல் இலகுவாக இருந்தே பெரிய முறுக்குவிசையைத் தாங்கும், விலையும் அப்படித்தான்.

பழைய டிஸ்க்கில் புது லைனிங் வைத்து றிவெட் அடித்துத் தருவதாகச் சொன்னால், டர்போ காருக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பெட்டியை வரவழைத்தால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றும் ஒரே தயாரிப்பாளருடையதா என்று பாருங்கள். டிஸ்க்கின் நடுப்பல்லை (கியர் பொக்ஸ் தண்டில் பொருந்தும் பல்) உங்கள் பழைய டிஸ்க்கோடு வைத்துப் பல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பொருத்துகிறவர் இந்தக் காரை முன்பு கழற்றியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். எவலூஷன் 4 முதல் 9 வரை ரிலீஸ் பெயரிங் தள்ளாது, இழுக்கும்; அதைப் பிரஷர் பிளேட்டிலிருந்து விடுவித்த பிறகே கியர் பொக்ஸை இழுக்க வேண்டும். தெரியாதவர் நெம்பினால் பெயரிங்கை நகர்த்தும் போர்க் வளையும், செலவு உங்களுடையது.

பொருத்துவதும் பழக்குவதும்

கியர் பொக்ஸ் கீழே இருக்கும்போதே எஞ்சினின் பின் சீலையும், கியர் பொக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பெயரிங் உங்கள் காரில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கூலி ஒரே கூலிதான். பிளைவீல் கிரைண்டிங் ஆகி வர வேண்டும். புது பிரஷர் பிளேட்டில் துருவைத் தடுக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி அனுப்புவார்கள். அதைப் பிரேக் கிளீனரால் துடைக்காமல் பொருத்துவது நான் அதிகம் காணும் தவறு. நடுக்கமும் வழுக்கலும் அங்கேயே பிறக்கின்றன. டிஸ்க்கின் முகத்தைக் கிரீஸ் கையால் தொட விடாதீர்கள். நடுப்பல்லுக்குக் கிரீஸ் மிக மெல்லியதாக. பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

பிறகு 800 கிலோமீற்றர், ஊருக்குள். ஓர்கானிக்குக்கு இது பொதுவான அளவு. கெவ்லருக்கு இன்னும் அதிகம், செராமிக்குக்குக் குறைவாகவும் இருக்கலாம். பெட்டியில் தயாரிப்பாளர் எழுதியிருந்தால் அதுவே முடிவு. கொழும்புக்குப் போய்வந்து 600 கிலோமீற்றர் முடிந்துவிட்டது என்று கணக்குச் சொல்லாதீர்கள். ஐந்தாம் கியரில் ஓடும்போது டிஸ்க் பதிவதில்லை. கிளட்சை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும்தான் பதிகிறது. மட்டக்களப்பு நகரம், கல்லடி, காத்தான்குடி என்று நின்று போகும் ஓட்டமே இதற்கு வாய்த்த பயிற்சி. அம்பாறைப் பக்கத்தவருக்கு மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரையான வீதி.

இந்தக் காலத்தில் பூஸ்ட் கட்டுப்பாட்டை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். 3000 சுழற்சிக்கு முன் கியரை மாற்றுங்கள். இரைத்துப் புறப்படுவது, மணலில் இறக்குவது, பாரத்தோடு மலை ஏறுவது, வேறு வாகனத்தை இழுப்பது எதுவும் வேண்டாம். சமிக்ஞை விளக்கில் பாதி கிளட்சில் காரைப் பிடித்து நிற்காமல் நியூட்ரலில் போடுங்கள்.

800 முடிந்ததும் ஒரேயடியாக முழு பூஸ்டுக்குப் போகாமல், இரண்டு மூன்று நாள் மூன்றாம் கியரில் அரை ஆக்சிலரேட்டர், பிறகு முக்கால், பிறகு முழுது என்று ஏற்றுங்கள். வாசம் வந்தால் ஒரு படி இறங்கி மீண்டும் ஊருக்குள் ஓட்டுங்கள். கேபிள் கிளட்ச் என்றால் இந்தக் கட்டத்தில் பெடல் தளர்வை மறுபடி அளக்க வேண்டும். டிஸ்க் பதியப் பதியத் தளர்வு குறைந்துவரும். முதல் நாள் சரியாக இருந்த நட்டு இப்போது ஓரிரு சுற்று தளர்த்த வேண்டியிருக்கும்.